இடனறிந்து உருளும் சக்கரம்

சக்கரத்தைச் சுழல வைப்பது அச்சு. அதை மண்ணோடு இணைப்பது அதன் விளிம்பு. இவ்வுண்மையைக் குன்னம் வட்டாரத்து முதியவர்கள் எவரும் சொல்லிக் கொடுக்காமலே அறிந்திருந்தனர். மாட்டு வண்டிச் சக்கரத்தின் மர வட்டைமேல் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்கிய கொல்லர்களை அவர்கள் கண்டவர்கள். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், ஐப்பசி மழையில் சேறாகிச் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பின்னாளில் 'டயர் வண்டி' வந்தபோது, எந்தச் சுமைக்கு எந்த வண்டி, எந்தப் பாதைக்கு எந்தச் சக்கரம் என்று எண்ணியே அவர்கள் நுகத்தில் மாட்டைப் பூட்டினர்.

அந்த முதியவர்களின் பேரன்மார் இன்று நூறு கிலோமீட்டர் வேகத்தைச் சில நொடிகளில் எட்டும் மோட்டார் சைக்கிள்களில் அதே சாலைகளில் செல்கின்றனர். வண்டியின் நிறம், விலை, வேகம், ஒலி ஆகியவை பற்றி அவர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் உரையாற்றுவர். டயரைப் பற்றிக் கேட்டால், "கறுப்பாக இருக்கும்" என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வர். தமிழ்த்துறை மலரில் டயரைப் பற்றிய கட்டுரையா என்று அன்பர்கள் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. ஆயினும், எம் மாணவர்களின் உயிர் எந்தப் பொருளின்மேல் அன்றாடம் உருண்டு வருகிறதோ, அப்பொருளைப் பற்றிப் பேசுவது எத்துறைக்கும் அயலானதன்று என்பது எம் துணிபு.

இப்பொருளில் எமக்கு ஈடுபாடு வந்தது எம் தங்கை மகனால். லெப்பைக்குடிக்காட்டில் வாழும் எம் தங்கையின் கணவர், அவ்வூரார் பலரைப் போலவே வளைகுடா நாட்டில் உழைப்பவர்; அவர் இருப்பது கத்தாரில். மகன் பொறியியல் படித்து முடித்து ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்னும் வண்டியை வாங்கினான். பந்தய வண்டியின் சாயலில் அமைந்த வண்டி அது. ஓடி ஓடிப் பின் டயர் தேய்ந்தபோது, சென்னையில் உள்ள நண்பன் ஒருவன் பந்தயத்தில் பயன்படுத்திய டயர்கள் இரண்டினைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். "மாமா, பந்தயத்துல இருநூறுல போறவங்க போடுற டயர். அது பிடிக்காததா நம்ம ரோட்டுல பிடிக்கப்போகுது?" என்று அவன் எம்மிடம் கேட்டான். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் எம் தங்கை. அறியாத பொருளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லலாகாது என்பது ஆசிரியத் தொழில் எமக்குக் கற்றுத் தந்த பாடம். ஆகவே முதலில் கற்கத் தொடங்கினோம்.

கற்றதில் முதற்செய்தி இது. ஓடுகின்ற மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு டயரும் எந்த நொடியிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுக்கே சாலையைத் தொடுகிறது. வண்டியின் எடை, ஓட்டுபவரின் எடை, விரைவு, திருப்பம், பிரேக் ஆகிய அனைத்தும் அந்த இரண்டு உள்ளங்கைகளின் வழியாகவே நிலத்தில் இறங்குகின்றன. காரின் டயர் தட்டையானது. மோட்டார் சைக்கிளின் டயரோ வளைந்தது. வண்டி சாய்ந்துதான் திரும்ப வேண்டும் என்பதால் அதற்கு அவ்வடிவம் தரப்பட்டிருக்கிறது. வண்டிக்குக் குறித்த அளவை விட்டு, அழகு கருதி அகன்ற டயரைக் குறுகிய வளையத்தில் திணித்தால் அவ்வளைவு சிதைகிறது; வண்டி திரும்ப மறுக்கிறது.

இரண்டாவது செய்தி வெப்பத்தைப் பற்றியது. இரப்பர் என்பது உயிருள்ள பொருள்போல நடந்துகொள்கிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் இரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். 1887-இல் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அன்று முதல் இன்றுவரை டயர் செய்வோரை வாட்டும் கேள்வி ஒன்றே. மென்மையான இரப்பர் சாலையை இறுகப் பற்றும், ஆனால் விரைவில் தேயும். கடினமான இரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் பிடிப்பில் குறையும். இவ்விரண்டுக்கும் இடையே எங்கே நிற்பது என்பதே டயர்த் தேர்வின் சாரம். இதனால்தான் சாலைக்கான நல்ல டயர்கள் சிலவற்றில் நடுப்பகுதியைக் கடினமான கலவையாலும், சாயும்போது தொடும் ஓரங்களை மென்மையான கலவையாலும் அமைக்கின்றனர்.

பந்தயத் தடத்தில் நிலைமை வேறு. நம் மாநிலத்திற்கு இத்துறையில் நெடிய வரலாறு உண்டு. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. பின்னர் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 1990-இல் அதன் சொந்தத் தடம் திறக்கப்பட்டது. சுற்றளவு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கோவைக்கருகே செட்டிப்பாளையத்தில், விமான விபத்தில் மறைந்த கரிவர்தன் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே இயங்குகிறது. வேகத்திற்கென்றே அமைந்த இத்தடங்களில் எதிரே வண்டி வராது, ஆடு குறுக்கிடாது, மணல் பெருக்கப்பட்டிருக்கும், விழுந்தால் உருண்டு நிற்க ஓரத்தில் வெளி இருக்கும், மருத்துவ ஊர்தி காத்திருக்கும். அத்தனையும் இருந்தும் அங்கே உயிர்கள் போனதுண்டு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 13 வயதே நிரம்பிய வீரன் ஒருவன் பந்தயத்தின்போது விழுந்து இறந்ததை நாடறியும்.

அத்தடத்திற்கென்று செய்யப்படும் டயர், வறண்ட நாளுக்கு வெட்டுகளே இல்லாத வழுவழுப்பானது. இரப்பர் முழுவதும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்கின்றனர். அதன் கலவை, மிகுந்த வெப்பத்தில்தான் விழித்தெழும். எனவே ஓட்டத்திற்கு முன்பே மின்கம்பளம் போர்த்தி 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுவர். மழை வந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஆழமான வெட்டுகள் கொண்ட வேறு டயரை மாட்டுவர். உலகப் புகழ்பெற்ற மோட்டோ ஜி.பி. பந்தயத்தில்கூட மென்மை, நடுத்தரம், கடினம் என்னும் கலவைகளுள் எதைத் தேர்வது என்று ஒவ்வொரு நாளும் வெயிலையும் தடத்தையும் பார்த்தே முடிவு செய்கின்றனர்.

இனி அந்த டயரை நம் சாலைக்குக் கொண்டு வருவோம். குன்னத்திலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பும் மாணவன், சந்தையையும் பள்ளிக்கூடத்தையும் தாண்டிச் செல்கையில் அந்த இரப்பர் ஒருபோதும் அதற்குரிய வெப்பத்தை எட்டாது. குளிர்ந்த பந்தய டயர், சாதாரண டயரைக் காட்டிலும் மோசமாக வழுக்கும். அறுவடைக் காலத்தில் நம் பக்கத்து உழவர்கள் மக்காச்சோளத்தைச் சாலையிலேயே கொட்டிக் காயவைக்கின்றனர். காய்ந்த மணிகள் சக்கரத்தின் கீழ்க் கோலிக்குண்டுகளாக உருளும். அரியலூர்ப் பக்கம் சென்றால் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திய தூள் படிந்திருக்கும்; அதன்மேல் முதல் மழை விழுந்தால் சாலை மெழுகிய தரையாகும். டயரில் உள்ள வெட்டுகள் அழகுக்காக வரைந்த கோலங்கள் அல்ல. சாலைக்கும் இரப்பருக்கும் இடையே நுழையும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் இல்லையேல் நீர் ஒரு படலமாகி வண்டியையே தூக்கிவிடும். அப்போது பிரேக்கும் பயன்படாது, திறமையும் பயன்படாது. மேலும், ஒருவர் பந்தயத்தில் ஓட்டிக் கழித்த டயர், பலமுறை சூடேறிக் குளிர்ந்து தன் மென்மையை இழந்தது. அதைக் குறைந்த விலைக்கு வாங்குவது, சக்கையான கரும்பைக் காசு கொடுத்து வாங்குவது போன்றதே.

தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த முறைமையை வகுப்பறையில் ஆண்டுதோறும் விளக்கி வருகிறோம். இடனறிதலில் தேரையும் கப்பலையும் எடுத்துக்காட்டி, ஒன்றன் களத்தில் மற்றொன்று இயங்காது என்னும் கருத்தை அவர் வைக்கிறார். தேரும் வலிமையானது, கப்பலும் வலிமையானது. குறை பொருளில் இல்லை, இடம் மாறியதில் இருக்கிறது. பந்தய டயரும் அப்படியே. அது தாழ்ந்ததன்று, தன் இடத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் இடம் குன்னம் சாலையன்று.

இக்கருத்தை வலியுறுத்தும் செய்தி நம் மார்க்க வரலாற்றிலும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. பயிற்சி தந்து உடல் இறுக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை நெடுந்தொலைவு. அப்பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதா முதல் பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுந்தொலைவு. அறிவித்த இப்னு உமர் அவர்களே அப்போட்டியில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர். இச்செய்தியை நம் பெரியோர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். விரைவு இங்கே பாவமாகக் கருதப்படவில்லை. இளைஞரின் ஆர்வம் தடுக்கப்படவும் இல்லை. ஆனால் எந்தக் குதிரைக்கு எந்தத் தொலைவு, எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்பது தெளிவாக வகுக்கப்பட்டது. இளைஞரிடம் "வண்டியே ஓட்டாதே" என்று மட்டும் சொல்வதும், கேட்ட வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு வாளாவிருப்பதும் இந்த முறைமையோடு பொருந்துவன அல்ல.

இவ்வாறு நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எம் வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர் ஐப்பசி மழை நாளொன்றில் வண்டி வழுக்கி விழுந்து மாண்டார். ஜனாஸாத் தொழுகைக்குச் சென்றிருந்தோம். பள்ளிவாசல் முற்றத்தில் கூடியிருந்தவர்கள் "வேகம், வேகம்" என்றே பேசிக்கொண்டனர். மறுநாள் காவல் நிலைய வாசலில் அவருடைய வண்டி சாய்ந்து நின்றதைக் கண்டோம். அதன் பின் டயர் ஆற்றுக் கூழாங்கல்போல மொட்டையாக இருந்தது. அவர் அன்று வேகமாகச் சென்றாரா என்பதை இறைவனே அறிவான். ஆனால் மெதுவாகச் சென்றிருந்தாலும் அந்த டயர் ஈரச் சாலையில் அவரைக் காத்திருக்காது. வண்டி வாங்கும்போது வாழ்த்தச் சென்ற உறவினர்களும், பார்த்துப் பாராட்டிய நண்பர்களும் பலர். டயரைக் குனிந்து பார்த்தவர் ஒருவரும் இலர்.

எனவே, தங்கை மகனை அழைத்துக்கொண்டு பெரம்பலூரில் உள்ள டயர்க் கடை ஒன்றுக்குச் சென்றோம். கடைக்காரர் பெரியவர், தொழிலில் பழுத்தவர். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். ஓலைச்சுவடி படிக்கும் ஆர்வத்தோடு யாம் படித்தோம். 150/60 ஆர் 17 என்பதில் 150 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அவ்வகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல் அமைப்பு. 17 என்பது வளையத்தின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 66 என்பது சுமைக்குறி, அதாவது 300 கிலோ தாங்கும். 'எச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். இன்னொரு மூலையில் நான்கு இலக்கம் உண்டு. அது 2324 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்த டயர். கடையில் பளபளவென்று தொங்கினாலும் பல ஆண்டு கிடந்த இரப்பர் இறுகிப்போயிருக்கும். ஐந்தாண்டு பயன்பட்ட டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டு கடந்ததை மாற்றிவிட வேண்டும் என்பது மிச்செலின் நிறுவனத்தின் அறிவுரை. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியை மாற்றிப் பொருத்தலாகாது. முன்னே ஒருவகை, பின்னே வேறுவகை அமைப்பு என்று கலக்கவும் ஆகாது. வெட்டுகளின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேயத் தேய அம்மேடுகளின் மட்டத்தை நெருங்கும். அவற்றுக்குமேல் இருசக்கர வாகனத்திற்கு 0.8 மில்லிமீட்டராவது ஆழம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

"எல்லாம் சரி, காத்த மறந்துடுவாங்க" என்று கடைக்காரர் முடித்தார். காற்றின் அளவை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறினால் அளவு கூடிக் காட்டும். பந்தயத் தடத்தில் சிலர் காற்றைக் குறைப்பர். அங்கே டயர் மிகச் சூடேறி அழுத்தம் தானாகவே உயரும் என்பதே காரணம். அதைப் பார்த்துச் சாலையிலும் குறைத்தால் டயர் நெளிந்து, உள்ளே வெந்து, வண்டி தள்ளாடும். தடத்திலும் இதற்குக் கண்டிப்பான கணக்கு உண்டு. மோட்டோ ஜி.பி. பந்தயத்தில் 2024 முதல் முன் டயரின் அழுத்தம் 1.8 பாருக்குக் குறைந்து குறிப்பிட்ட சுற்றுகளுக்குமேல் ஓடினால், முதன்மைப் பந்தயத்தில் 16 வினாடி தண்டனை. 2025 ஏப்ரலில் கத்தார் நாட்டு லுசைல் தடத்தில் இரண்டாவதாக வந்த ஸ்பானிய வீரர் மேவரிக் வின்யாலெஸ் இவ்விதியால் 14-ஆம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். தம் பிள்ளைக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லுமாறு கத்தாரில் உள்ள மைத்துனரிடம் கேட்டுக்கொண்டோம். தந்தை சொன்னதைவிட அந்தப் பந்தய வீரரின் கதை பிள்ளைக்கு நன்றாகவே பதிந்தது.

வீட்டில் எம் தாயார், "ஆயுசு அல்லாஹ் கையில, ரப்பர்லயா இருக்கு?" என்று கேட்டார். அந்த நம்பிக்கையை மறுக்க யாம் யார்? ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பின்னர் பொறுப்பைச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதீ தொகுப்பில் வரும் செய்தியை அவருக்கு நினைவூட்டினோம். தவக்குல் என்பது முயற்சியைக் கைவிடுவதன்று. முயற்சியின் முடிவை ஒப்படைப்பது. டயரைப் பார்ப்பதும் காற்றைச் சரி செய்வதும் இக்காலத்தில் ஒட்டகத்தைக் கட்டும் செயல்களே. தாயார் சற்று யோசித்து, "அப்ப நல்லதா பாத்து வாங்கிக் குடு" என்றார்.

இதில் நாம் கருத வேண்டிய வேறொன்றும் உண்டு. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப். நிறுவனம், இன்று நம் பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்தில் பெரிய டயர்த் தொழிற்சாலையை நடத்துகிறது. இருசக்கர வாகன டயர்களுக்குப் பெயர்பெற்ற டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா மதுரையில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரப்பர் பால் வடிகிறது. இப்பொருளைச் செய்யும் கைகள் நம் ஊர்க் கைகள். அதைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் நம் ஊர் அறிவாக இருப்பதில் என்ன தடை?

இறுதியில் தங்கை மகன் பந்தய டயரை வாங்கவில்லை. ஈரத்திலும் வறட்சியிலும் நெடும்பயணத்திலும் பிடிப்புத் தரும் சாலை டயர்களையே, வண்டிக்குக் குறித்த அளவில், புதிதாக வாங்கினான். புதிய டயரின் மேற்பரப்பு முதலில் வழுக்கும் என்பதால், முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை மிகுதியாகச் சாய்க்காமல் ஓட்டுவதாகவும் உறுதியளித்தான். "மாமா, வேகமா போகணும்னு ஆசையே வரக்கூடாதா?" என்றும் கேட்டான். ஆசை வரலாம் என்றோம். அதற்கு இடம் செட்டிப்பாளையம். அதற்கு முன் பயிற்சி. உடம்புக்குத் தோலாடை, தலைக்குத் தரமான கவசம். அங்கே சென்றால் அங்குள்ள டயர். ஊர் திரும்பினால் ஊர் டயர், ஊர் வேகம். இந்த ஒப்பந்தத்திற்கு அவன் உடன்பட்டான்.

மாணவச் செல்வங்களே, டயரைப் பற்றிய கேள்விக்கு 'எது சிறந்தது' என்பது தொடக்கமன்று. 'எங்கே ஓடப் போகிறேன்' என்பதே தொடக்கம். இடம் தெளிவானால் கலவை, வெட்டு, அளவு, காற்று ஆகிய நான்கும் தாமே தெளிவாகும். பெரியோர்களே, பிள்ளைக்குப் பல இலட்சம் கொடுத்து வண்டி வாங்கித் தருகிறீர்கள். மாதம் ஒருமுறை அவ்வண்டியின் அருகே குனிந்து அந்த இரண்டு உள்ளங்கை அளவு இரப்பரைத் தொட்டுப் பாருங்கள். மேடு தெரிகிறதா, வெடிப்பு உண்டா, காற்றுச் சரியா என்று கேளுங்கள். கேட்பதற்குப் பொறியியல் அறிவு வேண்டியதில்லை, அக்கறை போதும். எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளைச் சென்ற இடத்திலும் திரும்பும் வழியிலும் காத்தருள்வானாக. ஆமீன்.